நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

1956 ஜூன் 18, திங்கள்

பசை காய்ச்சுவதில் எனக்குக் கை வந்துவிட்டது. மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு கொதிக்கிற தண்ணீரில் விட்டுக் கிளற வேண்டும். இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். இல்லாவிட்டால் கரப்பான்பூச்சி பசையோடு சேர்த்துப் புத்தகத்தையும் தின்றுவிடும். வித்துவான் பரீட்சையில் தேறியது இதற்குத்தான் போலிருக்கிறது.

போன வாரம் பள்ளிக்கூடக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. ஆறாம் பாரத்துப் பெண் ஒருத்தி நம் லைப்ரரி நாவலை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கதாநாயகன் கதாநாயகியின் மோவாயைத் தொட்டு நிமிர்த்துகிற இடத்தில் அவள் அப்பா புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டார். அதற்குப் பிராயச்சித்தம் நான் செய்ய வேண்டும். நான்காம் பாரம் முதல் ஆறாம் பாரம் வரை பெண்களுக்குக் கொடுக்கும் முந்நூற்று நாற்பது கதைப் புத்தகங்களையும் தமிழ் டீச்சரும் லைப்ரரி பொறுப்பாளருமான ரெபேக்காவாகிய நான் படித்து, வயசுக்கு ஒவ்வாத இடங்களின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்ட வேண்டுமாம்.

அதோடு போயிற்றா? ஒட்டியது சரிதானா என்று கமிட்டி பார்க்க வேண்டாமா? அதனால், ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஒரு எழுத்து விடாமல் ஒரு ரிஜிஸ்டரில் நகல் எடுக்க வேண்டும். புத்தக எண், பக்கம், வரி எல்லாம் வேண்டும். ரிஜிஸ்டரில் முன்பாதி காதல். பின்பாதி அடிதடி. செங்கல்பட்டில் இந்த வருஷம் அதிகமாக ஆபாசம் படிக்கப் போகிறவள் நான்தான்.

ஜூன் 19

பதினொரு இடம் ஒட்டினேன். வீட்டுக்கு வந்தும் விரலில் பசை. யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

ஜூன் 27, புதன்

எது வரை விடலாம், எங்கே ஒட்டலாம் என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது. பள்ளிக்கூடக் காரியதரிசி ஜானகிராமன் வக்கீலின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார். மாலை மாற்றுகிற வரை இருக்கட்டும், அதற்குப் பிறகு ஒட்டிவிடுங்கள் என்றார். அடிதடி? போர்க்களம் இருக்கலாம், திருடனைப் பிடித்து உதைக்கலாம், வீட்டுக்குள் நடக்கிற அடி மட்டும் வேண்டாம், அது பெண்பிள்ளைகளின் மனசைக் கெடுக்கும் என்றார்.

ஆக, ஒரு ராஜா ஒரே பக்கத்தில் முந்நூறு தலை சீவலாம். ஒரு புருஷன் பெண்டாட்டியை ஒரு அறை விட்டால் அதற்குப் பழுப்புக் காகிதம்.

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நேற்று ஒரு துப்பறியும் நாவலில், ஒரு பெண்ணைத் தூணில் கட்டிவைத்துக் கத்தியால் கீறுவதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறான் ஒருவன். கத்தி வைத்திருக்கிறவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து ரசித்துக்கொண்டு எழுதுகிறான். பதினாலு வயசுப் பெண்ணை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அந்த மூன்று பக்கத்துக்கும் இரண்டு தடவை பசை தடவினேன்.

ஜூலை 8, ஞாயிறு

கோவில் ஆராதனை முடிந்து வந்து சாதம் மட்டும் வடித்தேன். ஒருத்திக்கு என்ன குழம்பு வேண்டியிருக்கிறது?

பின்கட்டில் ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு பெட்டி. இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம். முன்கட்டில் குடியிருக்கிற அம்மாள் இன்று யாரோ விருந்தாளியிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினதாக அவளுக்கு நினைப்பு. 'சதுரங்கப்பட்டினத்துல புருஷன் வாத்தியாரு. தங்கமான மனுஷனாம். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. இவ தான் வுட்டுட்டு வந்துட்டா. ஓடுகாலி.'

ஏழு வருஷத்தில் நான் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் 'ஒத்துவரவில்லை' என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைக்கு அவரவர் இஷ்டப்படி உரை எழுதிக்கொண்டார்கள். தம்பி ஆபிரகாம் மதுராந்தகத்தில் தாலுகா ஆபீசில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவான். வா என்று அதில் எழுதமாட்டான்.

ஜூலை 20, வெள்ளி

நீல அட்டை நாவல். புத்தக எண் 207. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், இருபத்தெட்டு வரி.

அமிர்தம் என்று ஒரு பெண். புருஷன் ஊர் மெச்சுகிறவன். சாதத்தில் கல் இருந்தது என்று தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து வயிற்றில் உதைக்கிறான். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, காப்பி கொண்டுவா என்கிறான்.

அந்தக் காப்பியை எழுதினாரே, அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஆனால் காப்பி கலக்கும்போது அவள் கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறார். அது தப்பு. நடுங்காது. சர்க்கரை சரியாகத்தான் விழும். ராத்திரி படுத்த பிறகுதான் நடுங்கும்.

இருபத்தெட்டு வரியையும் நகல் எடுத்தேன். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. ஒட்டிவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் அவள் விடிகாலையில் வீட்டை விட்டுப் போய் ரயில் ஏறுகிறாள். அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. மீதி இருநூறு பக்கமும் புருஷனின் துக்கம், அவன் தாயாரின் கண்ணீர், அவனுக்கு இரண்டாம் கல்யாணம். ரயில் ஏறினவள் எங்கே இறங்கினாள் என்று ஒரு வரி கிடையாது. எழுதியவர் அவளை வண்டி ஏற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டுவிட்டார்.

செப்டம்பர் 14, வெள்ளி

ரிஜிஸ்டருக்குள் வேர்க்கடலைத் தோல்!

எப்போது வேண்டுமானாலும் கமிட்டி வந்து பார்க்கும், ரிஜிஸ்டர் லைப்ரரி அலமாரியின் மேலேயே இருக்கட்டும் என்று காரியதரிசி சொல்லியிருந்தார். கமிட்டியில் ஒருவரும் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஐந்தாம் பாரத்துப் பெண்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கடலை தின்றுகொண்டு முன்பாதி முழுவதையும் படித்திருக்கிறார்கள். ஓரமெல்லாம் எண்ணெய் விரல். பின்பாதியில் ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. அடிதடி யாருக்கு வேண்டும்?

முந்நூற்று நாற்பது புத்தகத்தில் சிதறிக் கிடந்ததைத் தேடி எடுத்து, அழகான கையெழுத்தில், பக்க எண்ணோடு ஒரே புத்தகமாகத் தொகுத்துக் கொடுத்திருக்கிறேன். இதைவிட நல்ல சேவையை எந்தப் பிரசுராலயம் செய்யும்? தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பயம் வந்தது. ரிஜிஸ்டரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அக்டோபர் 5, வெள்ளி

தூக்கம் வராது போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் பாரத்துக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன்: 'நான் படித்த கதையில் எனக்குப் பிடிக்காத பாத்திரம்.' முப்பத்தொரு பேர். பத்தொன்பது பேர் அமிர்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்தப் பருவத்துக்குத் துணைப்பாடமாக அந்த நீல அட்டையைத்தான் கொடுத்திருந்தது. லைப்ரரியில் இருந்த ஒரே பிரதிதான் வகுப்பு முழுக்கக் கைமாறியது.

'நல்ல புருஷனைக் காரணமில்லாமல் விட்டுப் போனாள்.' 'அவளுக்கு என்ன குறை? வேளா வேளைக்குச் சாப்பாடு இருந்தது.' 'இப்படிப்பட்டவளுக்குப் பெண் என்று பெயர் எதற்கு?' ஒருத்தி, பாதிரியார் வீட்டுப் பெண், அழகாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறாள்: 'அமிர்தம் ஒரு ஓடுகாலி.'

பின்னே எப்படி எழுதும் குழந்தைகள்? நூற்றுப் பதினொன்றில் அவள் சாதம் பரிமாறுகிறாள். நூற்றுப் பதிமூன்றில் வீட்டை விட்டுப் போகிறாள். நடுவில் என்ன என்று மூடினது யாரு? நான்தானே? மயில்துத்தம் போட்டு மூடினேனே!

பத்தொன்பது நோட்டையும் சிவப்பு மையால் திருத்தினேன். எழுத்துப்பிழை மட்டும்.

ஒரு நோட்டு வேறு மாதிரி இருந்தது. ஹபீபா. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிற நூர்முகமதின் மகள். திரை கட்டிய ஜட்காவில் வருகிற பெண். அவர்கள் தெருவில் ஐந்தாம் பாரம் வரை வந்தவள் இவள் ஒருத்திதான். மூன்றே வரி: 'அமிர்தத்தைப் பிடிக்கவில்லை என்று என்னால் எழுத முடியவில்லை டீச்சர். 112ஆம் பக்கத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறது. அவள் போனதற்குக் காரணம் அந்தக் காகிதத்துக்கு அடியில் இருக்கலாம்.'

அதற்கு மார்க்குப் போட எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 9, செவ்வாய்

நாளை முதல் பூஜை விடுமுறை. சாயங்காலம் ஹபீபா புத்தகம் திருப்ப வந்தாள். நோட்டில் மார்க்குப் போடவில்லையே என்று கேட்டாள். நான் அலமாரியைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து மேஜை மேல் வைத்தேன். 'பின்பாதியில் 207 என்று இருக்கும்' என்றேன். பிறகு தலைமையாசிரியை கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

யாரும் கூப்பிடவில்லை. கிணற்றடி வரை போய்த் திரும்பினேன். வந்து பார்த்தால் பெண்ணும் இல்லை, ரிஜிஸ்டரும் இல்லை.

அங்கேயே படித்துவிட்டு வைப்பாள் என்றுதான் நினைத்தேன். எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைக்கவே இல்லையா? நாட்குறிப்பிலாவது உண்மையை எழுது ரெபேக்கா. வாசல் தாண்டி ஜட்கா கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அக்டோபர் 22, திங்கள்

விபரீதம் ஆகிவிட்டது.

ஹபீபாவின் பெரியம்மா படுக்கையைத் தட்டிப் போடும்போது ரிஜிஸ்டர் விழுந்திருக்கிறது. முன்பாதியைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். நூர்முகமது அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காலையில் தலைமையாசிரியை சந்திரம்மாவிடம் வந்துவிட்டார். 'இது யார் எழுத்து? என் பொண்ணுக்கு இத்தை யாரு குட்த்தாங்க?' என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, பெண்ணை இனி அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும் என்று சொல்லி, ரிஜிஸ்டரைத் திரும்பத் தன்னோடே எடுத்துப் போய்விட்டாராம். முழுக்கப் படித்துவிட்டுத்தான் தருவாராம்.

நவம்பர் 10 கமிட்டி கூடுகிறது. சந்திரம்மா என்னை எதிரில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். பெண் திருடிக்கொண்டு போனாள் என்றால் அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கொடுத்தீர்கள் என்றால் உங்கள் வேலை போய்விடும். இரண்டில் ஒன்றுதான்.

'அந்தப் பொண்ணுக்கு எப்படியும் ரெண்டு வருஷத்துலே கல்யாணம் ஆயிடும். அவளுக்கு அப்பா இருக்கார். உங்களுக்கு யார் இருக்காங்க? இந்த வேலை ஒன்னுதானே?'

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 27, சனி

மதுராந்தகம் போய் வந்தேன். ஆபிரகாம் ஏரிக்கரைப் பக்கம் வீடு மாற்றியிருக்கிறான், எனக்குத் தெரியாது. வேலை போய்விட்டால் இரண்டு மாசம் உன்னோடு இருக்கலாமா என்று கேட்டேன். அவன் பெண்டாட்டி உள்ளே பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவ ஆரம்பித்தாள்.

'அக்கா, மாமா இப்ப எவ்ளோ மாறிட்டாரு தெரியுமா? போன மாசம்கூட வந்து உன்னத்தான் கேட்டுகினு இருந்தாரு. நீ அங்கியே போயிடேன்' என்றான்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்றால் என்ன அர்த்தம் என்று அவனும் கேட்கவில்லை.

அக்டோபர் 28, ஞாயிறு

இன்று கோவிலுக்குப் போகவில்லை. பஸ் ஏறி மாமல்லபுரம் போய்விட்டேன். எதற்கு என்று தெரியாது. கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் சதுரங்கப்பட்டினம் தெரியாது, ஆனால் எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அலை அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

எங்கிருந்தோ ஒரு பையன்கள் பள்ளிக்கூடம் சுற்றுலா வந்திருந்தது. மகிஷாசுரமர்த்தினி குகையில் அவர்களுடைய வாத்தியார் கால்மணி நேரம் நின்றார். தேவியின் கைகளில் என்ன என்ன ஆயுதம், அசுரனின் ஆட்கள் எப்படி எப்படி விழுகிறார்கள், எல்லாம் கையால் வெட்டிக் காட்டிச் சொன்னார். பிறகு கோவர்த்தன மண்டபம். அங்கே ஒரு இடையனும் ஒரு பெண்ணும் கைகோத்து ஆடுகிறார்கள், பாவம், ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாத்தியார் 'நட, நட, நேரமாச்சு' என்று பையன்களை விரட்டிக்கொண்டு போய்விட்டார். ஜானகிராமன் வக்கீலுக்கு இங்கேயும் ஒரு கிளை ஆபீஸ் இருக்கிறது.

தனியாகச் சிரித்தேன். பிறகு அந்த மண்டபத்துப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். பயம்தான். நாற்பது வயசை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். வேலை போனால் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? ஒரு பெண்ணைத் திருடி என்று சொன்னால் போதும், எனக்கு ஒன்றும் ஆகாது. அவள்தான் அப்பாவோடு இருக்கிறாளே.

இதை நான் எழுதினேனா? எழுதினேன். அடிக்கமாட்டேன், இருக்கட்டும்.

நவம்பர் 9

நாளை. என்ன சொல்லப் போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை. மழை.

நவம்பர் 10, சனி

தலைமையாசிரியை அறையில் கூடினார்கள். காரியதரிசி, கமிட்டியில் நாலு பேர், சந்திரம்மா. ஓரத்து நாற்காலியில் நூர்முகமது, மடியில் துணி சுற்றிய ரிஜிஸ்டர். நனைந்த குடையை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

காரியதரிசி சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பெண் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனாளா, நீங்கள் கொடுத்தீர்களா என்று கேட்டார். கேட்கும்போதே, முதல் பதிலைச் சொல்லுங்கள் என்கிற மாதிரி தலையை லேசாக ஆட்டினார். சந்திரம்மா என்னைப் பார்க்கவில்லை.

நேற்று வரை முடிவு பண்ணவில்லை. வாயைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

'நான்தான் கொடுத்தேன். காகிதத்துக்கு அடியிலே என்ன இருக்குன்னு பத்தொன்பது பேர் கேக்கலை. ஒரு பொண்ணு கேட்டா. கேட்டவளுக்குக் கொடுக்கணும்னு தோணிச்சு, கொடுத்தேன்.'

வக்கீல் பேனாவைத் திறந்தார். அப்போது நூர்முகமது எழுந்து, ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். ரிஜிஸ்டர் முழுவதையும் கடையில் உட்கார்ந்து படித்தாராம். முன்பாதி ஒன்றும் பெரிய விஷயமில்லை, சினிமாக் கொட்டகை வாசலில் ஒட்டுகிற நோட்டீசில் இதற்கு மேல் இருக்கிறது, என்றாலும் சில இடங்களைத் தானும் மறைத்திருப்பேன் என்றார். பின்பாதியில் 207 என்று ஒன்று இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கடையில் யாரோடும் பேசவில்லை என்றார்.

'பொண்ணைக் கேட்டேன், அப்பால அந்தப் பொம்பள இன்னா ஆனாங்கன்னு. ரயிலு ஏறிட்டாங்களாம், அதுக்கு மேல புஸ்தகத்துல ஒரு வரி இல்லியாம். எங்க போய் எறங்கினாங்க? சோறு யாரு போட்டாங்க? நீங்கல்லாம் படிச்சவங்க, சொல்லுங்க. அந்தப் பக்கத்த நான் மூட மாட்டேன் சார். எனக்குப் பொண்ணு கீது. நாளைக்கு ஒருத்தன் கையில குடுக்கப் போறேன்.'

அந்த மனிதர் உண்மையாகவே பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

'சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினா' என்றேன். என் குரல்தான், ஆனால் எங்கேயோ தள்ளி நின்று பேசுகிற மாதிரி இருந்தது. 'திருக்கழுக்குன்றம் வரைக்கும் நடந்தே வந்தா. எட்டு ஒன்பது மைல். தம்பி வீட்டுக்குப் போனா. ரெண்டு தடவை சமாதானம் பண்ணித் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவை தம்பி வீட்டுக்குப் போகலை.'

கமிட்டியில் ஒருவர், புத்தகத்தில் ரயிலில்தானே போகிறாள் என்றார்.

'அமிர்தம் ரயில்ல போனா. நான் நடந்தேன்' என்றேன்.

சந்திரம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் நூர்முகமதைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னேன். இந்த ஊரில் இறங்கி மூன்று நாள் கோவில் வராந்தாவில் இருந்தது, வேதாகமக் கடைக்கார அம்மாள் சோறு போட்டது, இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு வருஷமாக இது ரொம்ப நீளமான கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியதரிசி தொண்டையைக் கனைத்து, இது குடும்ப விஷயங்கள் பேசுகிற இடமல்ல என்றார். கமிட்டி தீர்மானத்தை மீறியதை நான் ஒப்புக்கொண்டதாக எழுதினார். அந்தப் பெண் பேரில் குற்றம் இல்லை என்றும் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். நூர்முகமது ரிஜிஸ்டரை மேஜை மேல் வைத்துவிட்டு, எனக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டுக் குடையோடு போனார். பெண்ணை அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை, அனுப்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 12, திங்கள்

ஹபீபா வரவில்லை. லைப்ரரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பர் 14

வரவில்லை. டீச்சர்கள் அறையில் நான் போனதும் பேச்சு நின்றது. முன்பு என்னைப் பற்றிப் பொய் பேசும்போது தாராளமாகப் பேசினார்கள். உண்மை தெரிந்ததும் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 16

வரவில்லை. என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொண்டதுதான் மிச்சம் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் வாயைத் திறந்து என்ன கண்டேன்?

நவம்பர் 19, திங்கள்

முதல் மணி அடித்துவிட்டது. வருகைப் பதிவில் ஹபீபா பெயரைக் கூப்பிடாமல் தாண்டப் போனேன். வாசலில் ஜட்கா நின்றது. நூர்முகமது கூடவே சைக்கிளில் வந்திருந்தார். வகுப்பு வாசல் வரை வந்து, கடையில் நாலு நாளாக ஆள் இல்லை, அதனால்தான் லேட்டு என்று காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை நானும் நம்பியதாக வைத்துக்கொண்டேன்.

ஹபீபா தன் இடத்தில் போய் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். எனக்கு இரண்டு நிமிஷம் எந்தப் பாடம் நடத்த வேண்டும் என்றே நினைவு வரவில்லை.

டிசம்பர் 21, வெள்ளி

கமிட்டி உத்தரவு வந்தது. ஏப்ரலோடு என் சேவை தேவையில்லை. அச்சடித்த தாளில் பெயரை மட்டும் மையால் எழுதியிருக்கிறார்கள்.

டிசம்பர் 25

ஆபிரகாமின் கார்டு வரவில்லை. பாதிரியார் வீட்டில் எல்லா டீச்சர்களுக்கும் கேக் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாக ஒரு துண்டு, பிறகு இன்னொரு துண்டு, முழுவதையும் நானே தின்றேன்.

1957 பிப்ரவரி 26, செவ்வாய்

குடியாத்தத்தில் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன் வேண்டும் என்று விளம்பரம் பார்த்து எழுதியிருந்தேன். வரச் சொல்லிவிட்டார்கள். ஜூன் முதல் தேதி. அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. இங்கே மட்டும் யாரைத் தெரியும்?

ஏப்ரல் 12, வெள்ளி

கடைசி வேலை நாள்.

ஹபீபா ஆறாம் பாரத்துக்குத் தேறிவிட்டாள். தமிழ்ப் பேப்பரை நான் திருத்தினேன் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம், கணக்கில் எழுபது. அடுத்த வருஷமும் படிப்பு உண்டு, கல்யாணப் பேச்சை எடுத்த பெரியம்மாவை வாப்பா அடக்கிவிட்டார் என்று அவளே சொன்னாள். என்னிடம் விடைபெற அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. போய் வா என்றேன்.

நாலு மணிக்குச் சந்திரம்மா அறைக்குப் போனேன். விடுவிப்பு உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டு, மை ஒற்றும் தாளால் ஒற்றி எடுத்தார். நான் நகலில் கையெழுத்துப் போட்டேன். எழுந்துகொண்டேன். அவர் உத்தரவை என் பக்கம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

'கிளம்பின அன்னிக்கு என்ன என்ன எடுத்துகினு வந்தீங்க?' என்று கேட்டார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், வெறும் ஆர்வம் என்று நினைத்துக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இரண்டு புடவை, என் சர்ட்டிபிகேட்டுகள் என்றேன். நகை எடுக்கவில்லையா என்றார். எடுக்கவில்லை என்றேன். நாலு மணிக்குக் கிளம்பினால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காதா, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். வரிசையாக, பரீட்சைக் கேள்வி மாதிரி. கண் மட்டும் அந்தத் தாளை விட்டு எழும்பவில்லை.

'இதெல்லாம் எதுக்கு மேடம்?' என்றேன்.

உத்தரவை மேஜை மேல் வைத்தார். பிறகு, 'எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு ரெபேக்கா. வீட்டுக்குள்ளே நடக்கற அடி. ஒருத்தருக்கும் தெரியாது' என்றார்.

இந்த ஊரில் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லுகிற மனுஷி. என்னை எதிரில் உட்காரவைத்து, உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர். பியூன் கடைசி மணி அடிக்கலாமா என்று வாசலில் வந்து நின்றான். அடி, அடித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லி அனுப்பினேன். நானே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

உங்கள் சர்ட்டிபிகேட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். வீட்டில் இரும்புப் பெட்டியில், சாவி வீட்டுக்காரரிடம் என்றார். சரி, முதலில் அதைப் பார்ப்போம் என்றேன்.